அறுபத்தேழு வாட் மாப்பிள்ளை

கோயமுத்தூரில் பிறந்தவனுக்குப் பிறக்கும்போதே அரை டிப்ளமோ கையில் வந்துவிடுகிறது என்பது என் மாமனாரின் நம்பிக்கை. மீதி அரையைப் பட்டறையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பார். கணபதியில் வெகுகாலம் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரை இந்த ஊரில் செய்துமுடித்த கதையை அவர் சொல்லிக் கேட்டால், பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததே இவர்தானோ என்று தோன்றும். அப்போது இவர் பிறக்கவே இல்லை. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை.

மாவாட்டும் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பம்புசெட்டுக்குப் பேர்போன ஊர். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்டவருக்கு மாப்பிள்ளையாக வாய்த்த நான் பி.காம். மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். கரண்ட் போனால் பால்கனிக்கு ஓடிப்போய், எதிர் வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்த்து, போயிருந்தால் சந்தோஷத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வேன். என் மின்னியல் ஞானம் அந்தப் பால்கனியோடு முடிகிறது.

ஆனால் ஃபோனுக்கு சார்ஜர் வாங்கப் போகும்போது மட்டும் எங்கிருந்தோ அந்த அரை டிப்ளமோ எனக்குள் புகுந்துவிடும்.

நாங்கள் குடியிருப்பது சரவணம்பட்டியில். பேரூராட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. இப்போது சத்தி ரோட்டின் இரண்டு பக்கமும் ஐ.டி. கம்பெனிகள், அவர்களுக்கு பி.ஜி. ஹாஸ்டல்கள், ஹாஸ்டல்காரர்களுக்கு டீக்கடைகள், டீக்கடைகளுக்கு நடுநடுவே பவுச்சும் டெம்பர் கிளாஸும் தோரணமாகத் தொங்கும் செல்ஃபோன் கடைகள். சாயங்காலம் ஏழு மணிக்கு துடியலூர் ரோடு பிரியும் சிக்னலில் நின்று பார்த்தால், கழுத்தில் ஐ.டி. கார்டு இல்லாத ஆட்கள் இந்த வட்டாரத்திலேயே இரண்டு பேர்தான் என்று தெரியும். ஒன்று நான், இன்னொன்று கரட்டுமேட்டு முருகன். அவருக்காவது வேல் இருக்கிறது.

போன வருஷம் புது ஃபோன் வாங்கினேன். பெட்டியைக் கையில் வாங்கும்போதே ஏதோ இலேசாகத் தட்டியது. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே ஃபோன், ஒரு கேபிள், சிம் கார்டு தட்டைக் குத்தி எடுக்க ஒரு ஊசி, யாரும் படிக்காத ஒரு சின்னப் புத்தகம். சார்ஜர் இல்லை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தோம். 67 வாட்டில் சார்ஜ் ஆகும் என்று பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருந்தது. ஆகும் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆக்கித் தருகிறோம் என்று எங்கேயும் போடவில்லை.

"கிரைண்டர் வாங்குனா கல்லைத் தனியா வாங்கோணும்னு எவனாச்சும் சொல்லுவானுங்களா மாப்ளே?" என்றார் மாமனார்.

சொன்னார்கள் மாமா, சொல்லி வெற்றியும் பெற்றார்கள். 2020 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி ஐஃபோன் 12-ஐ சார்ஜர் இல்லாமல் வெளியிட்டது. பூமியைக் காப்பாற்றுவதற்காக என்று காரணம் சொன்னார்கள். எல்லார் வீட்டிலும்தான் பழைய சார்ஜர் கிடக்கிறதே, பெட்டி சின்னதானால் அதே இடத்தில் 70 சதவீதம் வரை கூடுதலாக அடுக்கி அனுப்பலாமே என்று கணக்கும் காட்டினார்கள். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அந்த 70 சதவீதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் வைத்த கேபிளின் மறுமுனை டைப்-சி. பெரும்பாலான வீடுகளில் கிடந்த பழைய சார்ஜரிலோ இருந்தது அகலமான பழைய யூஎஸ்பி ஓட்டை. இது அதில் நுழையாது. பூமியைக் காப்பாற்றப் புறப்பட்ட பல பேர் அடுத்த நாளே புது சார்ஜர் வாங்கக் கடைக்குப் போனார்கள்.

இதைப் பார்த்த சாம்சங் கம்பெனி, எங்கள் பெட்டியில் சார்ஜர் இருக்கிறது என்று அர்த்தம் வரும்படி ஒரு சார்ஜர் படத்தைப் போட்டுக் கிண்டல் செய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், அவர்களுடைய எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. கிண்டல் செய்த படத்தையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். உலகத்திலேயே இதற்கு உருப்படியாகக் கோபப்பட்டது பிரேசில்காரர்கள்தான். சார்ஜர் இல்லாத ஐஃபோனை விற்கவே கூடாது என்று 2022 செப்டம்பரில் உத்தரவு போட்டு, 1 கோடியே 20 லட்சம் ரெயாலுக்கு மேல் அபராதமும் விதித்தார்கள். இந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது மாமனார், "அந்த ஊர்க்காரங்க வெவரமானவங்கதானுங்" என்று பிரேசிலுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்.

எல்லார் வீட்டிலும் பழைய சார்ஜர் இருக்கிறது என்று ஆப்பிள்காரர்கள் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் மேசை டிராயரைத் திறந்தால் போதும். நோக்கியா பெரிய பின் இருக்கிறது, சின்னப் பின் இருக்கிறது. பெரிய பின்னைச் சின்னப் பின்னாக மாற்றும் ஒரு குட்டி இணைப்பும் இருக்கிறது. கேமராவுக்கு வந்த மினி யூஎஸ்பி, பிறகு எப்படிச் சொருகினாலும் முதல் தடவை தலைகீழாகவே போகும் மைக்ரோ யூஎஸ்பி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். இல்லாதது டைப்-சி ஒன்றுதான்.

பழைய நோக்கியா சார்ஜர் ஒவ்வொன்றும் நல்ல கனம். மாமனாருக்கு அவற்றின்மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியாவின் பி.எல்.-5சி பேட்டரியைப் பற்றி ஒரு கலவரம் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மட்சுஷிட்டா கம்பெனி செய்துகொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. பேட்டரி நம்பரைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நம்பரைப் பார்க்க ஃபோனைக் கழற்ற வேண்டும், கழற்றினால் வெடித்துவிட்டால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஆலோசனை நடந்தது. அதுவரை மாமனார் தம் ஃபோனைப் புறக்கடை ஆட்டுக்கல்லின் குழிக்குள் வைத்து சார்ஜ் போட்டார். வெடித்தால் கல்லுக்குள்ளேயே வெடிக்கட்டும் என்பது ஏற்பாடு. அழைப்பு வந்தால் ஆட்டுக்கல் அதிரும். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் காலை அதற்குக் கற்பூரம் காட்டியதாகக் கேள்வி.

அந்த நோக்கியாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. மூடிக் கிடந்த அந்த இடத்தைப் பின்னாளில் வாங்கியது சால்காம்ப் என்ற கம்பெனி. சால்காம்ப் செய்வது என்ன தெரியுமா? சார்ஜர்! உலகத்துக்கே போகிற சார்ஜர் நம் மாநிலத்தில் தயாராகிறது. எனக்கு ஒன்று கிடைக்க நான் பட்ட பாடுதான் இனி வருவது.

முதலில் கம்பெனி ஷோரூமில் விசாரித்தேன். அவர்களே போட்ட சார்ஜர் இரண்டாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். கோயமுத்தூர்க்காரன் யாராவது சொன்ன விலைக்கு வாங்குவானா? அதுவும் உள்ளே பத்து ரூபாய் காப்பர்கூட இருக்காது என்று மாமனார் ஏற்கெனவே மதிப்பீடு கொடுத்துவிட்ட பொருளை? நேரே சத்தி ரோட்டோரத்துக் கடைக்குப் போனேன்.

"அண்ணா வாங்ணா. என்ன வேணுமுங்ணா?"

"67 வாட் சார்ஜர் இருக்குதா?"

"இருக்குதுங்ணா. 120-ம் இருக்குதுங்ணா."

"விலை?"

"ரெண்டும் 250 தானுங்ணா. எது வேணுமோ எடுத்துக்கோங்ணா."

67-க்கும் 120-க்கும் ஒரே விலை என்றால் புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். 120-ஐ 67-ன் விலைக்குத் தருகிறானே, பையன் தொழிலுக்குப் புதுசு போல என்று பரிதாபப்பட்டேன். பரிதாபப்பட்டுக்கொண்டே பேரம் பேசி 180-க்கு இறக்கினேன். கம்பெனி ஐட்டமா என்று கேட்டேன். கம்பெனிதான் என்றான். எந்தக் கம்பெனி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாரண்டி உண்டா என்றேன்.

"டெஸ்டிங் வாரண்டிங்ணா."

"அப்படின்னா?"

"இங்க சொருகிப் பாத்துக்கலாமுங்ணா. லைட் எரிஞ்சா வாரண்டி முடிஞ்சுதுங்ணா."

இத்தனை சுருக்கமான, இத்தனை நேர்மையான ஒரு ஒப்பந்தத்தை எங்கள் மில் வக்கீல்கூட எழுதியதில்லை.

வீட்டுக்கு வந்து சொருகினால் ஃபோன் சார்ஜ் ஏறியது. ஏறியது என்பதைவிட, ஏறலாமா என்று யோசித்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் போட்டது, நியூஸ் முடிந்து படுக்கப் போகும்போதும் பாதியில் நின்றது. மின்னணுவியல் படிக்கும் மகள் ஃபோனில் ஏதோ ஒரு செயலியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ப்பா, இது 5 வோல்ட், 1 ஆம்பியர்தானுங்ப்பா வருது" என்றாள்.

"அப்படின்னா எத்தன வாட்?"

மகள் வாயைத் திறப்பதற்குள் ஊஞ்சலிலிருந்து பதில் வந்தது. "அஞ்சு ஒண்ணு அஞ்சு."

120 வாட்டில் 5 வாட் வந்தால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பேங்க் வட்டியைவிடக் குறைவு என்று கணக்காகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மகள் விளக்கினாள். ஐரோப்பியர்கள் 2024 டிசம்பர் 28 முதல் எல்லா ஃபோனுக்கும் டைப்-சிதான் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஆப்பிளே அதற்கு முந்தின வருஷம் ஐஃபோன் 15-ல் டைப்-சிக்கு இறங்கி வந்தாயிற்று. நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கு ஒரு தரநிலை வெளியிட்டது. ஆனால் முனைதான் ஒன்றானது, உள்ளே பேசும் பாஷை ஒன்றாகவில்லை. கேபிளைச் சொருகியதும் ஃபோனும் சார்ஜரும் பேச்சுவார்த்தை நடத்துமாம். நீ எத்தனை வோல்ட் தருவாய், நான் எத்தனை ஆம்பியர் தாங்குவேன் என்று இருதரப்பும் பேசி முடிக்க வேண்டும். ஒரு கட்சி வோல்ட்டை 9, 12 என்று ஏற்றி வேகம் காட்டும். ஓப்போவின் வூக் மாதிரியானவை வோல்ட்டைக் கீழேயே வைத்து ஆம்பியரை ஏற்றும். இரண்டு பேருக்கும் பொதுவாக யூஎஸ்பி பவர் டெலிவரி என்று ஒரு பாஷை உண்டு. பல ஃபோன்கள் அதையும் கொஞ்சம் பேசும், ஆனால் தங்கள் சொந்த பாஷையில் பேசினால்தான் முழு வேகம் தரும். பேச்சு முறிந்தால் பழையபடி 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும்.

நான் தலையாட்டினேன். ஒன்றும் புரியாதபோது நான் ஆட்டும் தலையசைப்பு ஒன்று உண்டு. ஆடிட்டரிடம் பயிற்சி பெற்றது. மாமனாருக்கோ உடனே பிடிபட்டுவிட்டது.

"67 வாட்டுன்னா எத்தன எச்.பி. கண்ணு?"

746 வாட் ஒரு குதிரைத்திறன். பதினொன்றில் ஒரு பங்கு என்றாள் பேத்தி. அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே எங்கள் டேபிள்டாப் கிரைண்டர் நிற்கிறது, 150 வாட்.

"அப்ப கிட்டத்தட்டப் பாதிக் கிரைண்டரு. பாதிக் கிரைண்டர் ஓடற கரண்டு இத்தினியூண்டு ஒயருல போகுதுங்களா மாப்ளே? இது என்னங் கேஜு?"

கேபிளின் கேஜ் என்ன என்று மருமகனைக் கேட்கும் மாமனார் வேறெந்த ஜில்லாவிலும் கிடைக்க மாட்டார். ஆனால் அவர் கேட்டதுதான் அசல் கேள்வி. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியருக்குத்தான். 5 ஆம்பியர் போக வேண்டுமானால் கேபிளின் தலைக்குள்ளேயே ஒரு சின்ன சிப் உட்கார்ந்து, நான் தாங்குவேன் என்று ஜாமீன் சொல்ல வேண்டும். ஜாமீன் இல்லாத கேபிளில் எந்த சார்ஜரும் ரிஸ்க் எடுக்காது. அப்படியாக சார்ஜருக்கு மேல் கேபிளும் வாங்கும் நிலைமை வந்தது.

அடுத்த தடவை மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதாவது, அவர் கூடவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். கடையில் பொருளைப் பார்க்க அவரிடம் ஒரே முறைதான் உண்டு. உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழுமாக அசைப்பார். கனமாக இருந்தால் நல்ல பொருள். ஒவ்வொரு சார்ஜராக அசைத்துக் கீழே வைத்தார்.

"உள்ள எரும்பே இல்லீங்களே!"

அங்கே பவுச் பார்த்துக்கொண்டிருந்த ஐ.டி. பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சார்ஜருக்குள் இரும்பு தேடும் மனிதரை அவர்கள் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அந்தக் காலத்துக் கனமான சார்ஜருக்குள் இரும்புத் தகடும் காப்பர் சுற்றும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. சுவரில் வருகிற மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுவது. அதை அப்படியே எடுத்துக் குறைப்பதற்கு அத்தனை இரும்பு தேவைப்பட்டது. இப்போதைய சார்ஜர் முதலில் அதை நேர்மின்சாரமாக்கி, பிறகு விநாடிக்கு லட்சம் தடவைபோல வெட்டி வெட்டி அனுப்புகிறது. எத்தனை வேகமாக வெட்டுகிறோமோ அத்தனை சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும். காலியம் நைட்ரைடு என்ற புதுச் சரக்கை வைத்து இன்னும் வேகமாக வெட்டி, இன்னும் சின்னதாக்கிவிட்டார்கள். இதையெல்லாம் ராத்திரி பேத்தி சொல்லக் கேட்டவர், வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் பேசவில்லை.

"அப்ப எங்களையெல்லாம் கிலோக் கணக்குல காப்பர் சுத்த வெச்சாங்களே, அது எதுக்கு கண்ணு?"

அவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இதெல்லாம் பாடத்திட்டத்தில் வராது.

கனத்தை நம்ப முடியாது என்றானபின் முத்திரையை நம்புவது என்று முடிவெடுத்தேன். மின் அடாப்டர்களுக்கு நம் நாட்டில் கட்டாயப் பதிவு 2013-லிருந்து உண்டு. சார்ஜரின் முதுகில் தர நிர்ணய அமைப்பின் குறியும், ஐ.எஸ். 13252 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும் ஒரு பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் செய்த எந்தப் பொருள் என்று ஜாதகமே வரும். இது தெரிந்த நாளிலிருந்து கடைத்தெருவில் என் நடையே மாறிவிட்டது. வருமான வரி அதிகாரி மாதிரி மூக்குக் கண்ணாடியை இறக்கி, பூதக்கண்ணாடி இல்லாத குறைக்கு ஃபோனின் கேமராவை ஒரு சார்ஜரின் முதுகில் வைத்துப் பெரிதாக்கிப் படிக்கத் தொடங்கினேன். மூன்று வரி அச்சுக்குள் நான்கு எழுத்துப் பிழை. ஈரத்தில் வைக்காதே என்பதற்கு வைத்திருந்த படம் குடையா, காளானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஆர் எண் இருந்தது!

கடையில் கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்துச் செயலியைத் திறந்து, எண்ணைப் போட்டு, முடிவை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். "தம்பி, இந்த நம்பர் எல்.ஈ.டி. பல்புக்குக் குடுத்த நம்பரு!"

கடைக்காரப் பையன் அசரவில்லை. சார்ஜரைச் சொருகிக் காட்டினான். ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி ஒளிர்ந்தது.

"கரெக்டுதானுங்ணா. இதுலயும் ஒரு எல்.ஈ.டி. எரியுதுங்களே!"

கூட்டம் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. நான் ஒரு கேபிள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இப்படியான சந்தர்ப்பங்களில் வெறுங்கையோடு வெளியே வர எனக்கு வராது.

சிரிக்கிற விஷயமில்லை என்று சொல்லவும் இங்கே ஒன்று இருக்கிறது. 2016-ல் பிரிட்டனில் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளின் அமைப்பு ஒன்று, பல நாடுகளிலிருந்து வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியது. மின்சாரம் தாக்காமல் காக்கும் அடிப்படைச் சோதனையில் தேறியவை மூன்று. சார்ஜருக்குள் சுவர்ப்பக்கத்து 230 வோல்ட்டுக்கும் நம் கைப்பக்கத்து 5 வோல்ட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் நல்ல காப்பும் வேண்டும். விலை குறைப்பவன் முதலில் குறைப்பது அந்த இடைவெளியை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே சார்ஜ் போடும் நம் வழக்கத்துக்கு, இடைவெளி குறைந்தவன் பக்கத்திலேயே போகக்கூடாது. மாமனார் இதற்கு மட்டும் ஒரு வார்த்தை மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். இன்சுலேஷன் பேப்பரில் மிச்சம் பிடித்த பட்டறை ஒன்றின் கதை அவருக்குத் தெரியும்.

ஒருவழியாக முத்திரையும் எண்ணும் பொருந்திய, பவர் டெலிவரி பேசும் ஒரு சார்ஜர் வந்துசேர்ந்தது. இப்போது அது சுவரில் நிற்கவில்லை. அதன் பின்கள் ஐரோப்பிய அளவு, 4 மில்லிமீட்டர். நம் வீட்டு 5 ஆம்பியர் பாயிண்டின் ஓட்டை அதைவிடத் தடித்த பின்னுக்காகச் செய்தது. சொருகினால் சார்ஜர் ஒரு கும்பிடு போட்டுத் தலைகுனியும். கொஞ்சம் நேரத்தில் விழுந்துவிடும். முட்டுக்கொடுக்க மருந்துச் சீட்டை மடித்து வைத்தேன். பிறகு எட்டாம் வகுப்பு அட்லஸை வைத்தேன். மாமனார் வந்து பார்த்து, மின்சாரப் பெட்டிக்கு அடியில் காகிதம் வைக்கிற மனிதனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று முகத்திலேயே எழுதிக் காட்டிவிட்டு, ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். அதன் விலை சார்ஜரின் விலைக்கு மேல்.

இந்தச் செலவுகளை வீட்டுக் கணக்கு நோட்டில் எங்கே எழுதுவது என்பது தனிப் பிரச்சினை. ஒரே தலைப்பில் எழுதினால் மொத்தம் தெரிந்துவிடும். ஆகவே தொழில் தர்மப்படி பிரித்து, கொஞ்சம் வண்டிச் செலவிலும், கொஞ்சம் கரண்ட் பில்லோடும், ஒன்றைக் கோயில் செலவிலும் ஏற்றியிருந்தேன். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டிய மனைவி கேட்டாள்: "ஏனுங், கரட்டுமேட்டு முருகனுக்கு டைப்-சி எதுக்குங்?" ரசீதை அந்தப் பக்கத்திலேயே சொருகி வைத்திருக்கக் கூடாது.

பவுச் விஷயத்துக்கு வருகிறேன். இதில் அதிகாரம் முழுக்க மனைவியிடம். என் ஃபோன் மாடலுக்கு அண்ணன் தம்பிகள் அதிகம். வெறும் பெயரில் ஒன்று, அதிலேயே ப்ளஸ், ப்ரோ, ப்ரோ ப்ளஸ், பின்னால் 5ஜி சேர்ந்தது, சேராதது. கடையில் எந்தப் பவுச் கேட்டாலும் அந்த ஒன்று மட்டும் ஸ்டாக் இருக்காது. "ப்ரோவும் இதும் ஒரே சைஸ்தானுங்ணா" என்று ஒன்றை அழுத்தி மாட்டிக் கொடுத்தான். மாட்டியது மாட்டியதுதான். அடுத்த முகூர்த்தத்தில் எடுத்த படங்களைப் பார்த்து மனைவி, "எல்லாரு மேலயும் ஒரு ஓரமா கிரகணம் புடிச்சிருக்குதுங்" என்றாள். கேமரா ஓட்டை அண்ணனுடையது, கண் தம்பியுடையது.

அதற்கப்புறம் ஒளிபுகும் பவுச். வாங்கும்போது பளிங்கு. டி.பி.யூ. என்கிற அந்தப் பிளாஸ்டிக் வெயில்பட்டால் மஞ்சளாகும். கோயமுத்தூர் வெயிலில் வண்டியின் ஃபோன் ஸ்டாண்டில் வைத்து ஓட்டினால் சில மாதத்தில் மஞ்சளாகி, ஃபோனுக்குக் காமாலையா என்று பார்க்கிறவர்கள் விசாரிப்பார்கள். ஒளிபுகும் என்று அவர்கள் சொன்னாலும் எங்கள் வீட்டில் அது எப்போதும் புகுந்ததில்லை. ஃபோனுக்கும் பவுச்சுக்கும் நடுவே மருதமலை முருகன் படம், மடித்த ஐந்நூறு ரூபாய், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பேருந்தில் மீதிச் சில்லறை எழுதிக் கொடுத்த டிக்கெட் என ஒரு குடும்பமே குடியிருக்கும். வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் வசதி இந்த ஃபோனில் இல்லாததுதான் நல்லது. இருந்திருந்தால் முருகனுக்குத்தான் முதலில் ஏறியிருக்கும்.

டெம்பர் கிளாஸ் ஒட்டும் பையன் 9எச் என்று சொல்லி, சாவியால் பரபரவென்று கீறிக் காட்டினான். கோடு விழவில்லை. நான் அதை வைரத்துக்கு அடுத்த படி என்று நினைத்து, ஆபீசில் அப்படியே பரப்பியும் விட்டேன். 9எச் என்பது பென்சில் கணக்கு. ஓவியர்கள் வைத்திருக்கும் கடினப் பென்சில் வரிசையில் அது கிட்டத்தட்ட உச்சி. அந்தப் பென்சில் கீறினால் கோடு விழாது என்பதற்குமேல் அதில் உத்தரவாதம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து பாதுகாப்பு. ஆனால் தோண்டிப் போட்ட ரோட்டுப் புழுதியில் இருப்பது பென்சில் இல்லை, குவார்ட்ஸ் மணல். கண்ணாடியையே கீறும் சரக்கு. சரவணம்பட்டியில் சட்டைப் பையில் கொஞ்சம் மணல் இல்லாமல் வீடு திரும்பியவர் யார்?

இதற்கிடையில் மாமனாரின் பழைய பட்டன் ஃபோன் உயிரை விட்டது. பேத்தி தன் உதவித்தொகைப் பணத்தில் அப்புச்சிக்கு ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கி வந்தாள். பெட்டி தடியாக இருந்தது. உள்ளே சார்ஜர் இருந்தது! கம்பெனி முத்திரை, எட்டு இலக்க எண், பிழையில்லாத அச்சு, தனிப் பிளாஸ்டிக் உறை. வீடே சுற்றி நின்று பார்த்தோம். மாமனார் எடுத்து உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை அசைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. உறையைப் பழையபடி மடித்து, பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பீரோவில் காட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

அன்று ராத்திரி நான் சார்ஜ் போட வந்தால், என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், என் சார்ஜரில், என் ஜாமீன் கேபிளில் அவருடைய ஃபோன் ஏறிக்கொண்டிருந்தது. என் ஃபோனில் 6 சதவீதம்.

"ஏனுங் மாமா, உங்களுக்குத்தான் புதுசு ஒண்ணு பீரோவுல சும்மா கெடக்குதுங்களே?"

"அது ஒரிஜினலுங் மாப்ளே. தெனமும் போட்டாத் தேஞ்சு போயிருமுங்."